உங்களுக்குத் தெரியுமா? டேப் எக்கோ தானாகவும் பாடும்

பழைய டேப் எக்கோ பெட்டிக்கு ஒலி எழுப்ப வாத்தியம் தேவையில்லை. ரோலண்டின் ‘ஸ்பேஸ் எக்கோ’ (1974) போன்றவற்றில், எதிரொலியை மீண்டும் உள்ளே அனுப்பும் குமிழை முழுக்கத் திருகினால் டேப்பின் இரைச்சலே சுற்றிச் சுற்றிப் பெருகி ஊளையிடும். மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் சுருதி ஏறி இறங்கும். ஜமைக்காவின் டப் இசைக்காரர்கள் டேப் எக்கோவை ஒரு தனி வாத்தியமாகவே வாசித்தார்கள். அதற்குக் கிடைத்த மிக அழகான பயன் அதுவே.

• பதிவுத் தலையில் ஏறிய ஒலி வாசிப்புத் தலையை எட்ட ஆகும் நேரமே தாமதம். நொடிக்கு 19 செ.மீ. ஓடும் டேப்பில் 2.5 செ.மீ. இடைவெளி என்றால் சுமார் 130 மில்லி நொடி.

• ஓசூர் டைட்டன் ஆலையில் தயாராகும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் முள் நொடிக்கொரு முறை ‘டிக்’ என்று நகரும். மைக்கை ஒட்டிவைத்து அதைப் பிடித்து, தாமதத்தைக் கால் நொடியாக்கினால் சதுஸ்ரம் கேட்கும். மோட்டாரை மெல்லத் தளர்த்தி மூன்றிலொரு நொடிக்குக் கொண்டுவந்தால் அதே டிக் திஸ்ரமாகிவிடும். தாளக்கருவியே வேண்டாம்.

• மூலக் குரலை நீக்கி எதிரொலியை மட்டும் தனி டிராக்கில் வைத்தால், பாடுபவர் தொலைவில் நிற்பதுபோல் இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் மேல் ஸ்வரங்களின் கூர்மை மங்கும்.

• அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் உதவியுடன் மூக் சின்தசைசரும் டேப் இயந்திரமும் கொண்ட ஸ்டுடியோ அமைந்தது. அங்கு பதிவானவை 2023-இல் இசைத்தொகுப்பாக வெளிவந்தன.