நைட்ரஸ் ஆக்சைடும் மருத்துவப் பணியாளரும்: தவறான பயன்பாடு மறைந்திருக்கும் இடங்கள்

2022 ஜனவரியில் நாகப்பட்டினத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மயக்க மருந்துகளுக்கு நடுவே அன்றாடம் பணிபுரியவிருக்கும் ஒரு தலைமுறை இன்று இக்கடலோர மாவட்டத்திலேயே பயில்கிறது. அம்மருந்துகளுள் எளிதில் ஐயத்திற்கு உள்ளாகாதது நைட்ரஸ் ஆக்சைடு. அதனைக் கையாளுவோரே அதற்கு அடிமையாகும் வாய்ப்பையும், அவ்வடிமைத்தனம் வெளிப்படாதிருப்பதன் காரணங்களையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

இவ்வாயுவின் வரலாறே தம்மீது சோதித்தவர்களின் வரலாறு எனலாம். ஹம்ப்ரி டேவி 1799இல் அதனைத் தாமே பலமுறை முகர்ந்தார். பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ் 1844இல் அதன் மயக்கத்தில் தம் பல்லைப் பிடுங்கச் செய்தார்; பின்னர்க் குளோரோபார்மைத் தம்மீதே சோதித்து, 1848இல் சிறையில் உயிரை மாய்த்துக்கொண்டார்.

நரம்பியலாளர் லேசர் 1978இல் 'லான்செட்' இதழில் நரம்புப் பாதிப்புற்ற 15 பேரைப் பற்றி எழுதினார். அவர்களுள் 14 பேர் பல் மருத்துவர்கள். பெரும்பாலோர் வாயுவை இன்பத்திற்காக முகர்ந்தவர்கள். இருவரோ காற்றோட்டமற்ற அறையில் பணிபுரிந்தவர்கள் மட்டுமே. ஆகவே பாதிப்பைக் கொண்டே ஒருவரை அடிமை என முடிவுகட்டுதல் தகாது.

பாதிப்பின் வழி தெளிவானது. உயிர்ச்சத்து பி12இன் நடுவிலுள்ள கோபால்ட் அணுவை நைட்ரஸ் ஆக்சைடு ஆக்சிஜனேற்றம் செய்கிறது. மெத்தியோனினை உருவாக்கும் நொதி செயலிழக்கிறது; நரம்பைப் போர்த்திய மயலின் உறை சிதைகிறது. கால்விரல்களில் மரத்துப்போதலும் நடையில் தள்ளாட்டமும் தோன்றுகின்றன. இரத்தத்தில் பி12 அளவு இயல்பாகவே இருக்கக்கூடும். இருப்பது பயன்படாத பி12. ஹோமோசிஸ்டீன், மெத்தில்மலோனிக் அமிலம் ஆகியவற்றை அளந்தால் உண்மை புலப்படும். முன்னரே பி12 குறைந்தவர்களுக்குச் சிறிதளவு வாயுவும் கேடாகலாம்.

மார்பின் குப்பிகள் பூட்டி வைக்கப்படுகின்றன, எண்ணிப் பதியப்படுகின்றன. வாயுவை எண்ணுவது எங்ஙனம்? உருளைக்குள் பெரும்பகுதி திரவமாக இருப்பதால், வாயு வெளியேறுந்தோறும் திரவம் ஆவியாகி அவ்விடத்தை நிரப்புகிறது. அழுத்தமானியின் முள் பெரிதும் அசைவதில்லை. திரவம் தீர்ந்த பின்னரே இறங்குகிறது. எடையிட்டாலன்றி இழப்புத் தெரியாது. ஒவ்வொரு பணிமுறை முடிவிலும் உருளையின் எடையைக் குறித்து வைப்பது பெருஞ்செலவு பிடிக்கும் ஏற்பாடன்று.

தொழிற்பதிவை இழக்கும் அச்சம் பாதிக்கப்பட்டவரைப் பேசவிடாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப்பொருள் தவறான பயன்பாடு சார்ந்த நிலைகளையும் மனநோய் வரையறைக்குள் கொணர்கிறது. சிகிச்சை விவரங்களின் இரகசியத்தை உரிமையாக்குகிறது. இவ்வுரிமை மருத்துவருக்கும் செவிலியருக்கும் உரியது. வாயுவை நிறுத்தி விரைவில் பி12 ஊசி செலுத்தினால் பலர் தேறுகின்றனர். தாமதித்தால் தண்டுவடப் பாதிப்பு முழுமையாக நீங்குவதில்லை.