பட்டம் மட்டும் போதாது. பயிற்சிக் குறிப்பேடும் வேண்டும்

பிள்ளை பொறியியல் பட்டம் பெற்றதும், "எங்கள் வீட்டிலும் ஓர் இஞ்சினியர்" என்று பெற்றோர் பூரித்துப் போவது இயல்பு. ஆனால், மலேசியச் சட்டத்தின் பார்வையில் அந்தப் பிள்ளை இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறார். 1967ஆம் ஆண்டு பொறியியலாளர் பதிவுச் சட்டத்தின்படி, அவர் முதலில் மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் 'பட்டதாரிப் பொறியியலாளராக'ப் பதிந்துகொள்ள வேண்டும். பிறகு குறைந்தது 3 ஆண்டுகள் நடைமுறை அனுபவம் பெற்று, தொழில்முறை மதிப்பீட்டுத் தேர்விலும் தேற வேண்டும். அதன் பின்னரே பெயருக்கு முன்னால் 'இர்.' என்று போட்டுக்கொள்ளலாம்.

இந்த 3 ஆண்டுகளில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வேலைக்குப் போனாலே அனுபவம் சேர்ந்துவிடும் என்று நினைத்துவிடுகிறார்கள். பதிவு பெற்ற தொழில்முறைப் பொறியியலாளரின் மேற்பார்வையில் பெறும் பயிற்சியே முக்கியம். சிறு குத்தகையாளரிடம் வேலை செய்பவருக்கு அப்படி ஒருவர் அலுவலகத்தில் இல்லாமல் போகலாம். அத்தகையோர் மலேசியப் பொறியியலாளர் கழகத்தின் பயிற்சிக் குறிப்பேட்டுத் திட்டத்தில் சேர்ந்து, வெளியிலுள்ள பொறியியலாளர் ஒருவரின் வழிகாட்டலைப் பெறலாம்.

குறிப்பேட்டில் என்ன எழுதுவது? "இன்று கான்கிரீட் ஊற்றினோம்" என்பது வெறும் வேலைக் கணக்கு. லாரியில் வந்த கான்கிரீட் எவ்வளவு இளக்கமாக இருந்தது, மாதிரிக் கட்டிகள் 7ஆம் நாளிலும் 28ஆம் நாளிலும் எவ்வளவு பளுவைத் தாங்கின, தாங்காதபோது என்ன முடிவு எடுக்கப்பட்டது, அதில் தன் பங்கு என்ன? இவற்றை எழுதினால்தான் அது பயிற்சி. அவ்வப்போது எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட வேண்டும். 3 ஆண்டுகள் கழித்து எழுத உட்கார்ந்தால் தேதி நினைவிருக்காது. கையெழுத்திட வேண்டியவரும் வேறு நிறுவனத்திற்குப் போயிருப்பார்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? 1993 டிசம்பர் 11ஆம் தேதி, உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சாய்ந்து 48 பேர் மாண்டனர். 2000ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம், மேம்பாட்டாளரோடு வரைபடக்காரரையும் பொறியியலாளரையும் கவனக்குறைவுக்குப் பொறுப்பாளிகள் என்றது. பொறியியலாளர் இடும் ஒரு கையெழுத்தை நம்பித்தான் குடும்பங்கள் அந்த வீடுகளில் உறங்குகின்றன. 2015ஆம் ஆண்டு சட்டத் திருத்தத்திற்குப் பின், வரைபடங்களை அதிகாரிகளிடம் சமர்ப்பிக்க, புதிதாக 'இர்.' ஆகிறவர் மேலும் ஒரு தேர்வில் தேறித் தொழில் நடத்தும் சான்றிதழ் பெற வேண்டியிருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த பிள்ளையிடம் "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்கும் பெற்றோர், "உன் குறிப்பேட்டில் கையெழுத்துப் போடுவது யார்?" என்றும் கேட்க வேண்டும்.