அந்த ஒரு வார்த்தை!

நண்பர்களின் நாடகக் குழுவில் எனக்குக் கிடைத்த வேஷம்... வேஷமே இல்லை! 'நீதான் ஸ்டேஜ் மேனேஜர்' என்று ஹெட்செட்டை மாட்டி, சைடு விங்கில் உட்கார வைத்துவிட்டார்கள்.

வேலை இதுதான். ஸ்கிரிப்ட் ஓரத்தில் ஒவ்வொரு லைட்டுக்கும் சவுண்டுக்கும் ஒரு நம்பர், பென்சிலில். (பேனா கூடாது. டைரக்டர் கடைசி ரிகர்சல்வரை மாற்றுவார்!) அந்த இடம் நெருங்கும்போது, 'லைட் 12, ஸ்டாண்ட்பை' என்பேன். ஆபரேட்டர் பதில் கொடுப்பார். சரியான நொடியில், 'லைட் 12... கோ!' 'கோ' கடைசியில்தான் வரணும். காதில் விழுந்ததும் விரல் பட்டனை அழுத்திவிடும், யோசிக்காது.

அதனால்தான் லண்டன் தியேட்டர்களில் ஹெட்செட்டில் வெட்டிப்பேச்சுக்குக்கூட அந்த வார்த்தையைத் தொடமாட்டார்கள். பேச முடியாத இடத்துக்கு க்யூ லைட். சிவப்பு என்றால் தயாராக இரு, பச்சை என்றால் செய். நம்ம ஊர் சிக்னல்தான், மஞ்சள் மட்டும் கிடையாது!

எனக்கு இது புரிந்தது ஒரு கிளைமாக்ஸில். அப்பா சாகக் கிடக்கிறார். மகனின் கடைசி வசனம் பாக்கி. அதைக் கேட்கவே அவன் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். விளக்கணைக்க ஸ்டாண்ட்பை கொடுத்துவிட்டேன். யாரோ கிரீன் ரூமுக்கு வழி கேட்க, 'ஸ்ட்ரெயிட்டா கோ!' என்றேன்.

பொசுக்கென்று இருட்டு!

எனக்கு உயிரே போச்சு. ஆனால் நண்பன் அசரவில்லை. இருட்டிலேயே வசனத்தை முழுசாகச் சொன்னான். ஒரு இருமல் இல்லை. அப்புறம் கைதட்டல்!

'லைட்டிங் ஐடியா யாருதுப்பா? பிரமாதம்!' என்றார் முன்வரிசைப் பெரியவர். நண்பன் என்னைக் காட்டினான். நான் வாயையே திறக்கவில்லை.

அந்த வாயால்தானே வந்தது!