சித்தியின்ட தையல் கடையும் 500 லிங்கும்

எபிசோட்ல நேரம் காணாமல் விட்ட கதை இது. ஸ்கார்பரோவில சித்தி சாரி பிளவுஸ் தைக்கிறா. கடை வாடகைக்கே வருமானம் காணாத மாசம் ஒருநாள், "தம்பி, ஒருத்தன் 200 டொலருக்கு 500 லிங்க் தாறானாம், கட்டட்டோ?" எண்டு கேட்டா.

வேண்டாம் எண்டன். தேடலில் முன்னுக்கு வருவதற்காகக் காசுக்கு லிங்க் வாங்குவது கூகுளின் ஸ்பாம் விதிகளுக்கு எதிரானது. 2012இல் வந்த பென்குயின் அப்டேட்டில் அடிவாங்கினதே இப்படிப்பட்ட தளங்கள்தான்.

சித்தியின்ட தளத்தைத் திறந்தால் பிரச்சினை வேற. பக்கத்தின் தலைப்பு வெறும் 'ஹோம்'. விலைப்பட்டியல் முழுக்க ஒரே படம். தலைப்பில் தொழிலையும் ஊரையும் போட்டு, விலையை எழுத்தாக்கினோம். பிறகு கூகுள் பிசினஸ் புரொஃபைல், அது இலவசம். உள்ளூர்த் தேடலுக்குப் பொருத்தம், தூரம், பிரபலம் மூன்றையும் பார்ப்பதாகக் கூகுளே சொல்லுது. தூரத்தை மாத்தேலாது, மற்ற ரெண்டுக்கும் உழைக்கலாம். (ரிவ்யூவுக்குத் தள்ளுபடி மட்டும் குடுக்காதேங்கோ, அதுவும் விதிமீறல்.)

சில வாரம் கழிச்சு சேர்ச் கன்சோலைப் பார்த்தம். சனம் தேடி வந்தது தையலுக்கு இல்லை, பிளவுஸ் ஆல்ட்டரேஷனுக்கு. தளத்தில அதைப்பற்றி ஒரு வரிதான் இருந்தது.

"அதைத்தானே நான் தினமும் செய்யிறன்," எண்டா சித்தி. அண்டிரவே அதுக்குத் தனிப்பக்கம் எழுதினோம்.