கணக்குக் கேட்ட காலமும் கணக்குக்குக் காத்திருக்கும் காலமும்

1963 ஆகஸ்ட். இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்குப் புதிதாக வந்திருந்த சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா, இந்த நாட்டில் 27 கோடிப் பேர் தினம் மூன்று அணாவில் காலம் தள்ளுகிறார்கள் என்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். இல்லை, தலைக்குப் பதினைந்து அணா என்றது அரசுத் தரப்பு. பதினைந்து அணா என்பது சராசரி. ஆலை முதலாளியின் வருமானத்தையும் அந்த ஆலையில் மூட்டை தூக்குகிறவரின் கூலியையும் கூட்டி வகுத்தால் ஏழை காணாமல் போய்விடுவார். சண்டையின் சாரம் அதுதான்.

யார் சொன்ன எண் சரி என்று பொருளியலாளர்கள் பிறகும் வாதிட்டார்கள். சுதந்திரம் கிடைத்துப் பதினாறே ஆண்டுகளில், ஓர் ஏழையின் ஒருநாள் செலவைப் பற்றிப் பிரதமரின் முன்னிலையில் எண்ணை வைத்து மல்லுக்கு நிற்க முடிந்தது என்பதைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். முந்தைய தலைமுறைக்கு அந்த வசதி கிடையாது.

கண்ணளவிலிருந்து கணக்குக்கு

வெள்ளைக்காரர் ஆட்சியில் விளைச்சல் கணக்கு பெரும்பாலும் கண்ணளவுதான். நல்ல வெள்ளாமை என்றால் பதினாறு அணா, சுமார் என்றால் பன்னிரண்டு, பொய்த்துப்போனால் ஆறோ நாலோ. சென்னை மாகாணத்திலாவது அடங்கல் எழுதக் கர்ணம் இருந்தார். ஜமீன்தாரி முறையிலிருந்த வங்காளத்தில் அவரும் இல்லை. கிராமக் காவல்காரர் சொன்னதே புள்ளிவிவரம். 1943 பஞ்சத்தின்போது மாகாணத்தின் அரிசிக் கையிருப்பு எவ்வளவு என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 20 முதல் 30 லட்சம் பேரைப் பலிகொண்ட அந்தப் பஞ்சத்துக்குக் காரணங்கள் பல. குத்துமதிப்பை நம்பிய நிர்வாகமும் அவற்றில் ஒன்று.

அதே வங்காளத்தில்தான் மாற்றுவழியும் பிறந்தது. கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் பி.சி. மகலனோபிஸ் 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். எல்லா வயலையும் அரைகுறையாக அளப்பதைவிட, குலுக்கல் முறையில் எடுத்த சில வயல்களைச் சரியாக அளப்பது மேல் என்று சணல் சாகுபடியை வைத்துக் காட்டினார். 1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. களப்பணியாளர்கள் கிராமம் கிராமமாகப் போய் அரிசி எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, துணிக்கு எவ்வளவு என்று வீட்டுச் செலவைக் கேட்டு எழுதினார்கள். ஓர் ஊரில் மரக்கால், இன்னோர் ஊரில் சேர், வேறோர் ஊரில் மணங்கு. மெட்ரிக் அளவைச் சட்டம் வந்ததே 1956இல்தான்.

கணக்கெடுப்பு முறையைப் பற்றியும் சண்டை நடந்தது. மாதிரிக்காக அறுக்கும் துண்டு நிலம் சிறியதாக இருந்தால் விளைச்சல் கூடுதலாகத் தெரியும் என்று புள்ளியியலாளர் பி.வி. சுகாத்மே மகலனோபிஸை எதிர்த்தார். இரு அறிஞர்களும் பல ஆண்டுகள் பகிரங்கமாக வாதிட்டார்கள். அந்த மரபில் வந்த பயிர் அறுவடைப் பரிசோதனை இன்றும் உயிரோடிருக்கிறது. குலுக்கலில் தேர்வான வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து, அறுத்து, எடை போடுவார்கள். காவிரிப் படுகை விவசாயிக்குப் பயிர்க் காப்பீட்டு இழப்பீடு உண்டா இல்லையா என்பதை அந்த எடை முடிவு செய்கிறது.

அன்றைய ஆட்சியாளர்களிடம் ஒரு குணம் இருந்தது: தமக்கு எதிரான எண்ணையும் கேட்டு வாங்கினார்கள். இரண்டு ஐந்தாண்டுத் திட்டங்களில் கூடிய வருமானம் யார் கைக்குப் போனது என்று 1960இல் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தபோது, அதை ஆராயக் குழு அமைத்தார் நேரு. தலைவர், இரண்டாம் திட்டத்தின் சிற்பியான மகலனோபிஸேதான். பத்தாண்டுத் திட்டமிடலுக்குப் பிறகும் செல்வம் சிலர் கையில் கணிசமாகக் குவிந்திருக்கிறது என்றது 1964இல் வந்த அறிக்கை. 1971இல் பொருளியலாளர்கள் வி.எம். தாண்டேக்கரும் நீலகண்ட ராத்தும் மாதிரிக் கணக்கெடுப்பை அலசி, 1960-61இல் கிராமத்தில் 40 சதவீதத்தினருக்கும் நகரத்தில் பாதிப் பேருக்கும் போதிய உணவுக்கே வழியில்லை என்று எழுதினார்கள். கிராமங்களில் அரசே வேலை கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் சொன்ன தீர்வு.

அதற்காக அதைப் பொற்காலம் என்று தூக்கிவைக்க வேண்டாம். 1952இல் அமைத்த திட்ட மதிப்பீட்டு அமைப்பு, சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் பலன் வசதியுள்ளவர்களுக்கே அதிகம் போகிறது என்று எச்சரித்தும் திட்டம் விரிந்துகொண்டே போனது. பிறப்பு, இறப்பில் பெரும்பகுதி எந்த ஏட்டிலும் ஏறவில்லை. மாதிரிப் பதிவு முறை 1970ஐ ஒட்டி நாடெங்கும் வந்த பிறகுதான் நிலைமையே தெரிந்தது: 1971இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயதைத் தொடவில்லை.

எண் காட்டிய வழி

அந்த 129, 2020இல் 28 ஆகிவிட்டது. பிரசவத்தோடு தொடர்புடைய தாய் இறப்பு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 2001-03இல் 301. அது 2018-20இல் 97. இந்த இறக்கத்தில் கணக்கெடுப்புக்கும் பங்கு உண்டு. மருத்துவமனைப் பிரசவம் 39 சதவீதம்தான் என்று 2005-06 தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டியது. 2005இல் தொடங்கிய ஜனனி சுரக்ஷா யோஜனா, மருத்துவமனைக்கு வரும் கர்ப்பிணிக்குப் பணம் கொடுத்தது. 2015-16இல் அந்த அளவு 79 சதவீதமானது. மாநிலவாரி எண்கள் எங்கே கவனம் வேண்டும் என்பதையும் சொல்லின. தாய் இறப்பு விகிதம் 2018-20இல் அசாமில் 195, தமிழ்நாட்டில் 54. இங்கே ஒவ்வொரு பேறுகால மரணத்தையும் தணிக்கை செய்வது நெடுநாள் வழக்கம். வீட்டிலிருந்து கிளம்பத் தாமதமா, வண்டி வரத் தாமதமா, மருத்துவமனையில் தாமதமா என்று கேட்டுக் கேட்டுத்தான் ஓட்டைகளை அடைத்தார்கள்.

உணவிலும் அப்படியே. மதிய உணவு 1956இல் காமராஜர் ஆட்சியில் பரவலாகி, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 2001இல் உச்ச நீதிமன்றம் சமைத்த உணவை எல்லா மாநிலப் பள்ளிகளிலும் தரச் சொன்னபோது, இது நடக்கக்கூடியதுதான் என்பதற்குத் தமிழ்நாடே அத்தாட்சி. ரேஷனைப் பற்றித் திட்டக் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வோ, மானியத் தானியத்தில் 58 சதவீதம் உரிய ஏழைக் குடும்பங்களுக்குப் போய்ச் சேரவில்லை என்றது. அரசின் சொந்த அமைப்பே சொன்ன கசப்பான எண் அது. அதன் பின் நடந்த நீண்ட விவாதத்தின் முடிவில் 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

நின்றுபோன கடிகாரம்

அந்தச் சட்டத்திலேயே இன்றைய சிக்கலும் இருக்கிறது. கிராமத்தில் 75, நகரத்தில் 50 சதவீதத்தினருக்கு மலிவுத் தானியம் என்கிறது சட்டம். எத்தனை பேர் என்பதற்கு ஆதாரம் கடைசியாக வெளியான மக்கள்தொகைக் கணக்கு, அதாவது 2011. அதன்படி 81 கோடியே 35 லட்சம். ஊர் வளர்ந்தது, குடும்பங்கள் பெருகின, உச்சவரம்பு நகரவில்லை. மக்கள்தொகை உயர்வைக் கணக்கில் எடுத்தால் 10 கோடிக்கும் மேற்பட்டோர் விடுபட்டிருக்கிறார்கள் என்று 2020இலேயே ஜான் டிரீஸ், ரீத்திகா கேரா உள்ளிட்ட பொருளியலாளர்கள் மதிப்பிட்டார்கள்.

1881 முதல் பத்தாண்டுக்கொரு முறை தவறாமல் நடந்தது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. உலகப் போர் நடந்த 1941இல்கூடச் சுருக்கமாகவேனும் எடுத்தார்கள். 2021இல் கொரோனாவைக் காரணம் காட்டி ஒத்திவைத்தது நியாயம். தொற்று அடங்கிய பிறகும் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டதற்கு அப்படி ஒரு நியாயம் கிடையாது. இப்போது குறித்திருக்கும் நாள் 2027 மார்ச் 1.

தாமதம் ஒருபுறம், மறைப்பு மறுபுறம். வேலையின்மை 6.1 சதவீதம் என்று காட்டிய 2017-18 ஆய்வு, 2019 தேர்தல் முடிந்த பிறகே வெளியானது. அதை நிறுத்திவைத்ததை ஒட்டித் தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் இரு உறுப்பினர்கள் பதவி விலகினார்கள். அதே ஆண்டுக்கான நுகர்வுச் செலவு ஆய்வைத் தரம் சரியில்லை என்று சொல்லி அரசு கைவிட்டது. 2011-12க்குப் பிறகு அடுத்த நுகர்வுக் கணக்கு கைக்கு வர 2024 ஆயிற்று. அதுவும் முறை மாறி வந்ததால் பழையதோடு நேராக ஒப்பிட முடியாது. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் லோகியா எழுந்து நின்றிருந்தால், மூன்று அணாவா பதினைந்து அணாவா என்று மோத அவருக்குப் பத்தாண்டுக்கு மேல் புது எண்ணே கிடைத்திருக்காது.

நல்ல செய்தி சொல்லும் எண்களுக்கு மட்டும் பஞ்சமில்லை. நிதி ஆயோக்கின் நீடித்த வளர்ச்சி இலக்குக் குறியீடு 2018இல் 57, 2023-24இல் 71. இதற்கு நடுவே, 15 முதல் 49 வயதுப் பெண்களில் இரத்தசோகை உள்ளவர்கள் 2015-16இல் 53 சதவீதம், 2019-21இல் 57 சதவீதம். அடுத்த குடும்ப நல ஆய்வில் இரத்தசோகைச் சோதனையையே எடுத்துவிட்டார்கள். விரல் நுனி இரத்தத்தைவிடச் சிரை இரத்தமே துல்லியம் என்ற காரணம் அறிவியல்படி சரி. ஆனால் பழைய முறையையும் ஒரு சுற்று சேர்த்து அளந்திருந்தால் ஒப்பீடு அறுபட்டிருக்காது.

அன்று எண் கொஞ்சம், ஆனால் ஆட்சியாளர் முகத்துக்கு நேரே பேசியது. இன்று கணினியும் கைப்பேசியும் குவித்துத் தரும் எண்கள் ஏராளம். அடிப்படைக் கேள்விகளுக்கான எண்கள்தான் நேரத்துக்கு வருவதில்லை. ஐ.நா. குறித்த 17 இலக்குகளுக்குக் கெடு 2030. அதற்கு மூன்றே ஆண்டு முன்புதான் நாம் எத்தனை பேர் என்று எண்ணி முடித்திருப்போம்.

செய்ய வேண்டியது புதிதல்ல. சி. ரங்கராஜன் தலைமையிலான ஆணையம் 2001இலேயே சொன்னதுதான்: புள்ளியியல் ஆணையத்துக்குச் சட்ட அந்தஸ்து வேண்டும். அதோடு, ஆய்வு முடிவுகளை முன்பே அறிவித்த தேதியில், எண் இனித்தாலும் கசந்தாலும், வெளியிட்டே தீர வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டும். வாக்குக் கேட்டு வருகிறவரிடம் சாலையும் குடிநீரும் கேட்கும் நாம் இதையும் கேட்போம். கணக்கெடுப்பாளர் வாசலுக்கு வந்தால் ஒன்றையும் மறைக்காமல் பதில் சொல்வோம்.