குப்பைக்கு இடம் காட்டும் வரைபடம்

வீட்டைப் பெருக்குகின்றோம், குப்பையைத் தெருவிலுள்ள தொட்டியில் சேர்க்கின்றோம். அத்துடன் நம் கடமை முடிந்ததென எண்ணுகின்றோம். அக்குப்பை பின்னர் எங்கே செல்கின்றது? நகரம் வளர வளரக் குப்பையும் வளர்கின்றது. அதற்குரிய இடத்தை ஆராயாது தேர்ந்தால், துன்பம் வழிவழியாகத் தொடரும்.

சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் உள்ளது. அது மழைவெள்ளத்தைத் தாங்குவது; பறவைகளுக்குப் புகலிடமாவது. அச்சதுப்பின் ஒரு பகுதியாகிய பெருங்குடியில் பல்லாண்டுகள் நகரக் குப்பையைக் கொட்டினர். 2022-ஆம் ஆண்டில் பள்ளிக்கரணை, ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் அதற்கு முன்பே அங்குக் குப்பை மலைபோற் குவிந்துவிட்டது.

இத்தகைய பிழை நேராமற் காக்க உதவுவது புவித்தகவல் முறை ஆகும். அது செயற்படும் வகையை ஓர் எளிய உவமையால் அறியலாம். கண்ணாடி போன்ற தாள்கள் சிலவற்றை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் ஆறு, ஏரிகளையும், மற்றொன்றில் வீடு, சாலைகளையும், வேறொன்றில் மண்ணின் வகையையும், பிறிதொன்றில் நிலச்சரிவையும் வரைவோம். ஒவ்வொன்றிலும் தகாத இடங்களுக்குக் கருமை தீட்டி, எல்லாத் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒளியில் பிடிப்போம். ஒளி ஊடுருவும் இடமே ஆராயத்தக்க இடம். இவ்வேலையைக் கணிப்பொறி விரைந்து செய்கின்றது. செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்கள் அதற்குத் துணைபுரிகின்றன. எவ்வளவு தொலைவு வேண்டும் என்பதற்கும் வரையறை உண்டு. ஆற்றிலிருந்து 100 மீட்டரும், குளம், குடியிருப்பு, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டரும் விலகியிருத்தல் வேண்டும் என 2016-ஆம் ஆண்டின் விதிகள் வகுத்தன.

கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்பின் வரைபடத்தை இம்முறையில் எண்ணிப் பாருங்கள். ஒருபுறம் வெள்ளாறும் அதன் அணைக்கட்டும். மறுபுறம் சோழர் காலத்து வீராணம் ஏரி. இடையே வாய்க்கால்களும் நெல்வயல்களும், ஊர்களும். தாள்களை அடுக்கினால் எஞ்சும் வெளிச்சம் சிறிதே! அழுகும் குப்பையிலிருந்து வடியும் நச்சுநீர் மண்ணில் இறங்கினால் நிலத்தடி நீர் கெடும்; வாய்க்காலில் கலந்தால் வயலும் ஏரியும் கெடும். வீராணத்து நீர் 2004 முதல் சென்னை மக்களின் தாகத்தையும் தணித்து வருகின்றது. ஆதலின் இங்குச் செய்யும் பிழை நெடுந்தொலைவில் வாழ்வோரையும் சென்று தாக்கும்.

வரைபடம் வழிகாட்டியே அன்றி முடிவு அன்று. அது காட்டிய இடத்தில் துளையிட்டு மண்ணையும் நீரையும் சோதித்தல் வேண்டும். அங்கு வாழும் மக்களின் சொல்லையும் கேட்டல் வேண்டும். இவற்றினும் முதன்மையானது ஒன்று உண்டு. மட்கும் குப்பையையும் மட்காத குப்பையையும் வீட்டிலேயே பிரித்தால், முன்னது எருவாகும். பின்னதில் பெரும்பகுதி மீண்டும் பயன்படும். புதைக்க வேண்டியது குறையின், அதற்கு வேண்டும் நிலமும் குறையும். அத்தொண்டை இன்றே நம் இல்லத்தில் தொடங்குவோமாக!