108 வரும் வரை...

கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில், மெஷின் முன்னால் நிற்பவர் திடீரெனச் சரிகிறார் என்று வைத்துக்கொள்வோம். தட்டிக் கூப்பிட்டாலும் அசைவில்லை. மூச்சில்லை, விட்டுவிட்டுத் திணறுவது மூச்சில் சேராது. தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தால் ஆளை இழந்துவிடுவோம். ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். இதயம் நின்ற நான்கைந்து நிமிடங்களிலேயே மூளை சேதமடையத் தொடங்கிவிடும்.

வாயோடு வாய் வைத்து ஊதத் தயங்கியே பலர் ஒதுங்குகிறார்கள். நியாயமான தயக்கம்தான். பெரியவர்களுக்கு, பயிற்சி இல்லாத பொதுமக்கள் நெஞ்சை அழுத்தினாலே போதும் என இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் 2017-ல் வழிகாட்டினார்கள். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கை, அதன் மேல் மறு கை. முழங்கை மடங்காமல் 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. விலா எலும்பு முறிந்தாலும் பிறகு சேர்ந்துகொள்ளும். கை சோர்ந்தால் அழுத்தம் குறையும் என்பதால், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறிக்கொள்ளலாம்.